அச்சின் மேல் ஏறும் பாரம்

லாரியின் சொந்த எடையும் சரக்கின் எடையும் சேர்ந்த மொத்த வாகன எடையின் வரம்பு, இரண்டு அச்சு லாரிக்கு 2018 ஜூலையில் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்ட பின்னும், எம்-சாண்டும் ஜல்லியும் பக்கப்பலகைக்கு மேல் குவித்து ஏற்றப்படுவது பெரும் வேதனைக்குரியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1950களின் இறுதியில் தொடங்கிய சாலைச் சோதனையின்படி, அச்சின் பாரம் இருமடங்கானால் சாலையின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது. சாலையைக் காட்டிலும் ஓட்டுநரின் உயிரே பெரிது. மலைச்சரிவில் மிகைபாரத்தோடு இறங்கும் வண்டியில் பிரேக் டிரம் சூடேறி விரிய, லைனிங் பிடிமானம் இழக்க, பெடலை அடிவரை மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிப்பதோடு, ஓட்டியவரை மட்டுமின்றி, இன்னும் முக்கியமாக, அப்படி ஓட்டச் செய்தவரையும் பொறுப்பாக்குகிறது.