சிம்மில் வைக்க முடியாதா இதை?

சிம்லாவில் இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். வீட்டுக்குள்ளேயும் ஸ்வெட்டரோடு திரிவது கோவில்பட்டிக்காரனுக்கு ஆகாத காரியம் என்று, ரேடியேட்டர் வைத்த வாடகை வீடாகத் தேடிப் பிடித்தேன். 24 கிலோவாட் பாய்லர். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரில் ஓடுவது.

ஜனவரியில் அம்மா வந்தார். அவருக்கு வீசிங் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு வியர்த்துப் போர்வையை உதறுவார், மூன்று மணிக்கு நடுங்கி இருமுவார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிடுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிலிண்டரோ மூன்றே நாளில் காலி.

"திகுதிகுன்னு எரியுது, அப்புறம் அணைஞ்சிடுது. சிம்முல வைக்க முடியாதாப்பா இதை?"

பெத்த பிள்ளை இன்ஜினியர் வேறு. திருதிருவென்று முழித்தேன் :-)

நிற்க. அந்த பாய்லருக்கு சிம் உண்டு! தீயைத் தானே ஐந்து கிலோவாட் வரைக்கும் குறைத்துக்கொள்ளும். ஆனால் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச். 'போடு', 'நிறுத்து' தவிர அதற்கு வேறு பாஷை தெரியாது. 'போடு' என்றதும் பாய்லர் 75 டிகிரித் தண்ணீரை அனுப்பும். அறை சூடானதும் 'நிறுத்து'. அதற்குப் பிறகும் கொதிக்கிற ரேடியேட்டர் அறையைப் புழுக்கும்.

இன்னொரு நஷ்டம், இது கன்டென்சிங் வகை. புகையில் போகும் நீராவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடித்துத் தரும். அதற்கு ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 50 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நல்லது. 75-ல் அனுப்பினால் எங்கே நடக்கும்?

சண்டிகர் கடைக்காரர் வைஃபை, தொடுதிரை எல்லாம் உள்ள ஒன்றைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. உள்ளே அதுவும் ஒரு ரிலேதான், அதே போடு-நிறுத்து. நான் கேட்டது ஓப்பன்தெர்ம். இரண்டே ஒயரில் 'இத்தனை டிகிரி போதும்' என்று பாய்லரிடம் சொல்லும் ஏற்பாடு. கூடவே வடக்குச் சுவரில் மாட்ட ஒரு வெளிச் சென்சார். வெளியே 10 டிகிரி என்றால் தண்ணீர் 40 போதும், 0 என்றால் 52. ராத்திரி அணைப்பதில்லை, இரண்டு டிகிரி குறைப்பதோடு சரி. ஹால் ரேடியேட்டர் வால்வை முழுக்கத் திறந்தே விட்டேன். எல்லாவற்றையும் திருகி மூடினால் சூடு போக இடமில்லாமல் பாய்லர் மறுபடி அணைந்து அணைந்து எரியும்.

முதல் நாள் அம்மா ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "கெட்டுப்போச்சா? கை பொறுக்கிற சூடுதான் இருக்கு" என்றார். அன்று ஆறு மணி வரை தூங்கினார். நான்தான் பழக்கதோஷத்தில் மூன்று மணிக்கு எழுந்து, இருமல் கேட்கிறதா என்று வாசலில் நின்றேன். சிலிண்டர் நாலரை நாள் வந்தது.

கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும் என்பது மட்டும் பாக்கி. இன்வெர்ட்டரில் இணைக்க சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார் எலக்ட்ரீஷியன். எந்தச் சனிக்கிழமை என்றுதான் சொல்லவில்லை.