‘அம்மா’வை ‘அப்பா’வாக்கும் அடினாய்டு!

மூக்கை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘மாமா, நான் வந்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பாபா, தாட் வத்தேட்’ என்பது மாதிரி ஏதோ வரும். ங, ஞ, ண, ந, ம, ன என்ற நம் ஆறு மெல்லின எழுத்துகளுக்கும் மூக்கு வழியாகக் காற்று போயாக வேண்டும். வழி அடைத்தால் ‘ம’ போய் ‘ப’ வந்துவிடும்.

என் அக்கா மகனுக்கு ஐந்து வயது. ஒரு வருஷமாக அவன் பேச்சு இப்படித்தான் இருந்தது. ‘அம்மா’ என்று கூப்பிட்டால் ‘அப்பா’ மாதிரி கேட்கும். வீட்டில் அது ஒரு ஜோக்காகவே ஓடியது.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். இரண்டு இட்லிக்கு முக்கால் மணி நேரம். வாயைத் திறந்தபடியே மெல்லுவான், பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவான், மிச்சத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான். சப்பாத்தி என்றால் தட்டையே தள்ளிவிடுவான். “போனைக் காட்டிக் காட்டிக் கெடுத்துட்டே” என்று அக்காவுக்கு அம்மாவிடம் தினமும் திட்டு. ஸ்கூலிலிருந்து வேறு புகார்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனம் இல்லை.

இந்த மூன்றுக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்கிறது என்று இ.என்.டி டாக்டர் சொன்னபோதுதான் வீடு அமைதியானது.

மூக்கின் பின்பக்கம், அண்ணத்துக்கு மேலே இருக்கும் மெத்தென்ற திசுதான் அடினாய்டு. டான்சில் மாதிரி இதற்கும் கிருமிகளைத் தடுக்கும் வேலை. ஆனால், வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. சின்ன வயதில் வளர்ந்து, பதின்வயதில் தானாகச் சுருங்கிவிடும். அடிக்கடி சளி, அலர்ஜி என்று அவதிப்படும் சில குழந்தைகளுக்கு இது அளவுமீறி வீங்கி, மூச்சு போகும் வழியை அடைத்துக்கொள்கிறது. வாயால் மூச்சுவிடும் குழந்தையின் வாயில் சோறும் இருந்தால் என்ன செய்யும்? மெல்லுவதா, மூச்சுவிடுவதா? வாசனை சரியாகத் தெரியாததால் ருசியும் குறைவு. மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாயின் வாசலும் அங்கேயேதான். அது அடைபட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, காது மந்தமாகும். ‘கவனம் இல்லை’ என்ற புகாரின் கதை இதுதான்.

கோபன்ஹேகன் டாக்டர் வில்ஹெல்ம் மேயர் 1868-லேயே மந்தமான காதையும் மூக்கடைத்த பேச்சையும் இந்த வீக்கத்தோடு சேர்த்து எழுதிவிட்டார். நம் வீடுகளில் இன்னும் ‘வாயை மூடுடா’தான். ‘மூக்கால பேசுறான்’ என்று வேறு சொல்வோம். மூக்கால் பேச முடியாததுதானே அவன் பிரச்னை?

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பல குழந்தைகளுக்கு மூக்கு ஸ்பிரே, அலர்ஜி மருந்து, கொஞ்சம் பொறுமை போதும் (ஸ்பிரேயை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்). தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், காதில் நீர் வற்றாமலே இருந்தால், அகற்றுவது பற்றிப் பேசுவார்கள். மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாகவே எடுத்துவிடுவார்கள். வெளியே தழும்பு இருக்காது.

எங்கள் பையனுக்கு ஸ்பிரே ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. அடுத்த மாதம் மறுபடி காது டெஸ்ட்; அதைப் பார்த்துத்தான் முடிவு. ‘மயக்க மருந்து’ என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. ஸ்கூலில் அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

டாக்டர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது, அக்கா ராத்திரியில் எடுத்த ஒரு வீடியோவை. குறட்டை, திடீரென்று நிசப்தம், பிறகு உடம்பே குலுங்க ஓர் இழுப்பு. உங்கள் குழந்தையும் இப்படித் தூங்கினால், மொபைலில் எடுத்துக்கொண்டு சீக்கிரம் டாக்டரிடம் போங்கள். அவர் முன்னால் குழந்தை தூங்கிக் காட்டாது.