அடுப்புக்கும் உண்டா விடுமுறை?

விடுமுறைக்கு வெளியூர் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கியதும், "இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்பவர்கள் ஒரு ரகம். "இங்கே சந்தை என்றைக்கு?" என்று கேட்பவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவள். ஒரு ஊரின் ருசி ஹோட்டல் மேஜையில் தெரியாது. அந்த ஊர் உப்பையும் புளியையும் நாமே கையால் அள்ளிப் போட்டால்தான் தெரியும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

மேல்நாட்டாருக்கு இது வெகு நாளாகத் தெரிந்த சமாசாரம். மத்தியதரைக் கடலோரத்து மீனவ கிராமங்களில் சமையலறையோடு கூடிய ஜாகையை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கொள்வார்கள். காலையில் படகடிக்குப் போய் மீன் வாங்கி வந்து, தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். இத்தாலியின் தென்பகுதியில் பியோப்பி என்று ஒரு சின்ன மீனவ கிராமம். ஆன்ஸல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அவ்வூராரின் உணவுதான் இருதயத்துக்கு உகந்தது என்று கண்டு, மனைவி மார்கரெட்டுடன் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு பல வருஷம் வாழ்ந்தார். 2004-ல் அவர் காலமானபோது அவருக்கு வயது 100! மீன், காய்கறி, பருப்பு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்ந்த இந்தச் சாப்பாட்டு முறையை யுனெஸ்கோ 2010-ல் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு செல்வதில் பெண்களுக்கு முக்கியப் பங்கு உண்டு என்றும் குறித்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முக்கியப் பங்கு என்றால் என்ன, வாசகர்களே? விறகும் புகையும் பற்றுப் பாத்திரமும்தானே! விடுமுறை என்று வெளியூர் போய், அங்கேயும் அந்தப் 'பங்கு' பெண்களுக்கே என்றால், அடுப்பு இடம் மாறியதே தவிர விடுமுறை எங்கே வந்தது?

இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் சென்ற பொங்கல் லீவுக்கு வடக்கனந்தல் போய்ச் சேர்ந்தோம். நான், என் கணவர், குழந்தைகள் இருவர், என் மாமியார். சிநேகிதி ஒருத்தியின் பூர்வீக வீடு, ஐந்து நாளைக்கு எங்கள் வசம்.

வடக்கனந்தல் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில், கல்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது. கச்சிராயபாளையம் பக்கத்திலேயே. சுற்றிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும். கள்ளக்குறிச்சி என்றதும் பலருக்கு 2024 ஜூன் மாதத்து விஷச் சாராயச் சாவுகள்தான் நினைவுக்கு வருகின்றன. 60-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் துயரம் அது, மறக்கக்கூடியதல்ல. ஆனால் ஒரு பிரதேசத்தை அதன் துக்கத்தை மட்டும் வைத்து அறிந்துகொள்வது நியாயமா? அதன் அடுப்பங்கரைக்கும் ஒரு தடவை போய்விட்டு வரவேண்டாமா?

இங்கே கடல் இல்லை. கோமுகி அணை இருக்கிறது. 1965-ல் கட்டி முடித்த அணை. நீர்மட்டம் 46 அடி. மலையிலிருந்து இறங்கும் கோமுகி, மணிமுத்தாற்றில் கலந்து, பிறகு வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ஆகவே மீனவ கிராமம் ஒன்றின் தலைமாட்டில்தான் குடியிருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்!

முதல் நாள் இரவே என் கணவர் காகிதத்தில் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். ஒரு நாள் நான், ஒரு நாள் அவர், மாற்றி மாற்றிச் சமையல். தேங்காய் துருவுவதும் தண்ணீர் எடுப்பதும் பெரியவன். தட்டு வைப்பதும் எடுப்பதும் சின்னவள். அத்தைக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை: "ஓய்வு".

அத்தைக்குப் பதினாறு வயதில் கல்யாணம். அன்றிலிருந்து பிரசவம், காய்ச்சல் நாட்கள் தவிர அடுப்பை விட்டு விலகியதில்லை. அட்டவணையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார்!

மறுநாள் என் கணவரின் முறை. மலைவாசிகளான மலையாளி மக்கள் விளைவிக்கும் சாமை சந்தையில் கிடைத்தது. சாமையை அரைமணி ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டால் பொலபொலவென்று சோறாகும். அவர் தாராள மனசுக்காரர். நாலு பங்கு விட்டுவிட்டார். திண்ணையிலிருந்தே எட்டிப் பார்த்த அத்தை, "கஞ்சின்னு பேர் வச்சுட்டாப் போச்சு. மோரை ஊத்திக் குடுடா" என்றார். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு எல்லோரும் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தோம்.

அடுத்த நாள் நான் மரவள்ளிக் கிழங்கு வாங்கி வந்தேன். குச்சிக்கிழங்கு என்றும் சொல்கிறார்கள். அதைத் தோலுரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயற்கையாகவே கொஞ்சம் நச்சுப் பொருள் உண்டு. அது நீரோடும் ஆவியோடும் போய்விடும். பாட்டிமார் விஞ்ஞானம் படிக்காமலே செய்துவந்த காரியம்.

மூன்றாம் நாள் காலையில் அணைப்பக்கம் போனோம். கூடை நிறையக் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும். கட்லா, ரோகு இரண்டும் கங்கைக் கரைப் பிறவிகள். ஜிலேபியோ ஆப்பிரிக்கப் பிறவி, 1952-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. கல்வராயன் மலையடியில் மூவருக்கும் ஒரே விலாசம்!

"அம்மா, ஜிலேபி எடுத்துக்கங்க, குழம்புக்கு நல்லாருக்கும்" என்றார் மீன்காரர். அத்தை முன்னால் வந்து செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, விலையையும் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அட்டவணை முன்னால் நின்றுகொண்டு, "இன்னைக்கு மீன் குழம்பு நான் வைக்கிறேன்" என்றார்.

"அத்தை, உங்களுக்கு ஓய்வு ஆச்சே!" என்றேன்.

"வச்சே ஆகணும்னு வைக்கிறது வேற கண்ணு, வைக்கலாம்னு ஆசைப்பட்டு வைக்கிறது வேற. ஆனா ஒண்ணு. மீனை அவன் கழுவணும். புளியை நீ கரைக்கணும். சட்டியை யார் தேய்க்கிறதுன்னு இப்பவே சொல்லிடுங்க."

பியோப்பி விஞ்ஞானி எழுதாத சூத்திரம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

அத்தையின் குழம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். அணைமீனுக்குச் சேற்று வாடை உண்டு. மழை பெய்ததும் மண்ணிலிருந்து வருகிறதே ஒரு வாசனை, அதற்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள்தான் மீனிலும் சேருகிறது. புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். கல் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, மலைப் புளியைக் கெட்டியாகக் கரைத்து, மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு தாளித்து, மிளகாய்த்தூளின் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே மீனைப் போட்டார். அப்புறம் கரண்டி போடக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சாமைச் சோற்றோடு பாதி. மறுநாள் காலை மிச்சக் கிழங்கோடு மீதி. சட்டியை என் கணவர் தேய்த்தார். ஊர் திரும்பும்வரை அத்தையின் முகத்தில் நான் கண்டது சந்தோஷம் மட்டுமல்ல. கேட்டதைக் கொடுத்தார்கள் என்ற நிறைவு.

உங்கள் குடும்பமும் இப்படிப் போகலாம். வடக்கனந்தல்தான் என்றில்லை, குளம், ஆறு, கடல், ஏதாவது ஒரு தண்ணீரும் பக்கத்தில் ஒரு சந்தையும் இருந்தால் போதும். வீடு பார்க்கும்போதே அடுப்பு எது, தண்ணீர் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தை நாளை உள்ளூரில் விசாரியுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் வீட்டிலிருந்து போகட்டும். அரிசி, புளி, மீன் எல்லாம் அந்த ஊரிலேயே வாங்குங்கள். நம் காசு சாமை விதைத்தவர் கைக்கும் வலை வீசினவர் கைக்கும் போவதில் ஒரு திருப்தி இருக்கிறது.

ஆனால் மூட்டை கட்டுவதற்கு முந்தின இரவே ஒரு காகிதத்தை எடுத்து, யார் என்றைக்குச் சமைப்பது, யார் பாத்திரம் தேய்ப்பது என்று எழுதிவிடுங்கள். வீட்டுப் பெரியவளின் பெயருக்கு நேரே "விருப்பம்போல்" என்று போடுங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் பயணம் கிளம்பினால், வீட்டில் ஒருத்திக்கு மட்டும் லீவு கிடைக்காமல் போய்விடும்!