சரக்கிருப்பும் கணினியும்

வாணிகத்தின் உயிர்நிலை சரக்கிருப்பு. பொருள் இல்லையெனில் வாங்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவார். பொருள் மிகுந்து தேங்கினால் போட்ட முதல் முடங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நடுவழியைக் காண்பதே வணிகனின் திறம். நெடுங்காலமாக அத்திறத்தை மனிதனின் நினைவும் கணக்கேடும் தாங்கி வந்தன. இன்று அப்பொறுப்பில் ஒரு பெரும்பகுதி கணினி மென்பொருளிடம் சென்றுள்ளது. ஆயினும், மென்பொருளை வாங்கிவிட்டால் இருப்புக் கணக்குத் தானே சீர்ப்பட்டுவிடும் என எண்ணுதல் தவறு. தொடக்கத்தில் அதனுள் வகுக்கப்படும் அமைவுகளே பின்னர் வரும் கணக்குகள் அனைத்தையும் ஆள்கின்றன.

மலேசியச் சிறு நகர் ஒன்றில் உள்ள மளிகைக் கடையை எண்ணிப் பார்க்கலாம். தந்தையாரின் காலத்தில் பேரேடும், கடன் குறிக்கும் 555 புத்தகமுமே அக்கடையின் கருவிகள். அலமாரியை ஒருமுறை நோக்கியே எப்பொருள் எத்தனை நாளைக்குப் போதும் என்று அவர் சொல்லிவிடுவார். இப்பொழுது மகன் கணினியின் முன் அமர்கிறான்.

கணினி முதலில் கேட்பது அளவையின் அலகை. துவரம் பருப்பு 10 கிலோ மூட்டையாகக் கடைக்கு வருகிறது. கிலோவாகவும் அரைக் கிலோவாகவும் விற்பனையாகிறது. ஒரு மூட்டை என்பது 10 கிலோ என்னும் தொடர்பை முன்னரே பதிந்திடல் வேண்டும். பதியாவிடில், மூட்டைக் கணக்கில் வரவும் கிலோக் கணக்கில் செலவும் ஏறி, இருப்பு எள்ளளவும் பொருந்தாது போகும். விற்பனை தொடங்கிய பின்னர் அடிப்படை அலகை மாற்றப் பல மென்பொருள்கள் இடங்கொடுப்பதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

அடுத்தது, மீண்டும் எப்பொழுது வாங்குவது என்னும் வினா. நாளொன்றுக்கு 3 மூட்டை விற்கிறது. சொல்லியனுப்பிய சரக்கு வந்துசேர 7 நாளாகிறது எனக் கொள்க. அந்நாள்களுக்கு 21 மூட்டை தேவை. எதிர்பாராத தாமதத்திற்கெனக் காப்பிருப்பாக 9 மூட்டை வைத்தால் மொத்தம் 30. இருப்பு 30 மூட்டையைத் தொட்டவுடன் கணினி எச்சரிக்கை செய்யும். எளிய கணக்குத்தான்! ஆனால் அந்த 3, 7, 9 என்னும் எண்களை யார் தருவது? மகன் வினவுகிறான்:

“சரக்கு வர எத்தனை நாளாகும், அப்பா?”

“ஏழு நாள் என்று போட்டுக்கொள், தம்பி. ஆனால் தீபாவளி நெருங்கினால் விற்பனை இரட்டிப்பாகும். அதை உன் கணினிக்கு யார் சொல்லுவது?”

தந்தையாரின் வினாவில் பொருள் உண்டு. நாளொன்றுக்கு 6 மூட்டை விற்றால், அந்த 30 மூட்டையும் ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். சரக்கோ ஏழாம் நாள்தான் வரும். விழாவிற்கு முன் இரண்டு நாள் அலமாரி வெறுமையாக நிற்கும். அமைவைக் காலத்திற்கேற்ப மாற்றாத கடையில் எச்சரிக்கையும் காலந்தவறியே ஒலிக்கும். ஒரே வேளையில் எவ்வளவு வாங்குவது சிக்கனம் என்பதற்கும் கணக்குண்டு. 1913-ஆம் ஆண்டிலேயே ஃபோர்டு ஹாரிஸ் என்னும் அமெரிக்கர் அதற்குச் சூத்திரம் வகுத்தார். அடிக்கடி வாங்கினால் வாங்கும் செலவு ஏறும். மொத்தமாக வாங்கினால் வைத்துக் காக்கும் செலவு ஏறும். இரண்டையும் சீர்தூக்குவதே அதன் உட்பொருள்.

விலைமதிப்பு முறையைத் தேர்வதிலும் விழிப்பு வேண்டும். 60 வெள்ளி விலையில் 10 மூட்டையும், பின்னர் 66 வெள்ளி விலையில் 10 மூட்டையும் வாங்கி, 10 மூட்டையை 75 வெள்ளிக்கு விற்றதாகக் கொள்க. முதலில் வந்தது முதலில் செல்லும் என்னும் முறையில் ஆதாயம் 150 வெள்ளி. சராசரி விலை முறையில் 120 வெள்ளி. பொருளும் விற்பனையும் ஒன்றே, ஆதாயமோ இரண்டு! இறுதியில் வந்தது முதலில் செல்லும் என்னும் மூன்றாம் முறையைப் பன்னாட்டுக் கணக்கியல் நெறி 2005 முதல் விலக்கிவிட்டது. ஒருமுறை தேர்ந்த வழியை ஆண்டுதோறும் மாற்றுவதும் முறையன்று.

இருப்பு இல்லாத பொருளை விற்கலாமா என்பதும் ஓர் அமைவே. சரக்கு வந்திறங்கியிருக்கும், வரவோ இன்னும் பதியப்பட்டிராது. கூடாதென்று அமைத்திருந்தால், வாங்குபவர் பொருளைக் கையில் ஏந்தி நிற்கையில் இயந்திரம் ‘இல்லை’ என்னும். கூடுமென்று அமைத்திருந்தால், இருப்பு சுழிக்குக் கீழே இறங்கி ஆதாயக் கணக்கு பிறழும். வந்த சரக்கை வந்தவுடன் பதியும் ஒழுங்கு ஒன்றே இதற்கு மருந்து. அவ்வொழுங்கு மென்பொருளில் இல்லை, மாந்தரிடமே உள்ளது.

கணினி கணக்கிடும், கருதிப் பார்க்காது. கருதிப் பார்த்தவர்கள் முந்தைய தலைமுறையினர். அவர்தம் பட்டறிவு ஏட்டில் ஏறாமலே அவர்களோடு மறையுமாயின், புதிய கருவி வந்தும் கடை குருடாகவே இருக்கும். ஆதலின், வணிகக் கல்வி பயிலும் மாணவர்கள் பொத்தான்களை அழுத்தப் பழகுவதோடு அமையாமல், ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வருகின்றது எனக் கேட்கவும் பழகுதல் வேண்டும். பெரியோர் இருக்கும்பொழுதே கேட்டல் நன்று.