வாடகைச் சுவரில் ஒரு வளையம்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஒட்டி ஒரு கார் கொட்டகை உள்ளது. முற்காலத்தில் அது மிளகும் சுக்கும் அடுக்கிவைத்த பண்டகசாலை. சுவரின் உயரம் 13 அடி. கனம் ஒன்றரை அடி. அச்சுவரில் கூடைப்பந்து வளையம் பொருத்தலாமா என்று ஆறாம் வகுப்பில் பயிலும் என் மகள் கேட்டாள். பணியிட மாற்றத்தால் அவள் வாழும் நான்காவது ஊர் இது. எந்த வீட்டிலும் ஆணி அடிக்கும் உரிமை நமக்கில்லை என்பதை அவள் அறிவாள். ஆதலால் கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அதுதான் என்னை உறுத்தியது.

வீட்டு உரிமையாளர் முதியவர். ஆணி, சுவர், கல், பந்து ஆகியவை தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள். எனவே என் கோரிக்கைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சற்று நேரம் சுவரையே நோக்கியவர், "துளை போடலாம் டீச்சரே. போகும்போது சுவரைச் சுவராகத் திருப்பித் தரவேண்டும்" என்றார்.

தென்காசியிலிருந்து வந்து இங்குத் தொழில்செய்யும் கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அவர் சுத்தியலின் பின்புறத்தால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வளையத்துடன் பெட்டியில் வந்த நான்கு விரியும் போல்ட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைத்தார்.

"இது கான்கிரீட்டுக்கு உள்ளது, டீச்சர். இந்தக் கல்லு பணியாரம் மாதிரி. போல்ட்டு விரிஞ்சா கல்லும் விரியும்."

இங்கே வெட்டுக்கல் எனப்படுவது நம் ஊர்ச் செம்புராங்கல். மண்ணிலிருந்து எடுக்கும்போது வெட்டுவதற்கு எளிது. காற்றுப் பட்டபின் இறுகும். ஆயினும் அதன் உடலெங்கும் சிறு பொந்துகள் உண்டு. இடையிலுள்ள சுண்ணாம்புக் காரையோ அதனினும் மென்மையானது.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டைத் தொடங்கியபோது, உடற்பயிற்சிக்கூட மாடத்தின் கைப்பிடியில் இரண்டு பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டினார். மாடம் 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் வளையத்தின் உயரம் அதுவே. பழக்கூடைக்கு ஆணி போதும். ஆனால் இக்காலப் பிள்ளைகள் பந்தைப் போட்டுவிட்டு வளையத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். வேண்டாமென்று சொன்னால் இன்னும் தொங்குவார்கள்!

கணக்கைப் பாருங்கள். வளையத்தின் நடுப்பகுதி சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்கிறது. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 30 செ.மீ. என்றால், 40 கிலோ எடையுள்ள குழந்தை தொங்கும்போது மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை 80 கிலோவுக்குச் சமம். ஊசலாடினால் இன்னும் கூடும். அந்த இடைவெளியையே 120 செ.மீ. ஆக்கினால் இழுவை 20 கிலோவாகக் குறைந்துவிடும்.

கொத்தனார் இக்கணக்கைத் தாளில் எழுதவில்லை. கையால் காற்றில் அளந்து காட்டினார். இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களைச் செங்குத்தாக நிறுத்தினார். சுவரை முழுதும் துளைத்து மறைக்கம்பிகளைச் செலுத்தி, உட்புறத்தில் அகன்ற இரும்புத் தகடு வைத்து முடுக்கினார். துளைகள் யாவும் கல்லின் நடுவில். காரை இணைப்பில் ஒன்றுகூட இல்லை. கடற்காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது என்பதால் அனைத்தும் துத்தநாகம் பூசியவை. சிறுவர் ஆட்டத்திற்குரிய 2.60 மீட்டர் உயரத்தில் இப்போது வளையம் நிற்கிறது. மகள் வளர்ந்தபின் அதே சட்டத்தில் 3.05 மீட்டருக்கு ஏற்றிக்கொள்ளலாம். சுவரில் புதிய துளை வேண்டாம். காலி செய்யும் நாளில் துளைகளைச் சிமெண்டால் அல்ல, சுண்ணாம்புக் காரையால் அடைக்கவேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

அன்றிரவு 50 கிலோ மணல் மூட்டைகள் இரண்டு வளையத்தில் தொங்கின. விடிந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது. மூட்டைகளை இறக்கியதும், பந்துடன் காத்திருந்த மகளை முந்திக்கொண்டு முதியவர் கை நீட்டினார். அவர் எறிந்த பந்து பலகையில் பட்டுக் கொட்டகைக் கூரைமேல் போய் விழுந்தது.