கால்டன் மலைப் பள்ளிக்கூடம்

எடின்பரோவை விட்டு வந்தபின் நான் அதிகம் ஏங்குவது அந்த ஊர்க் கோட்டைக்காக அல்ல. கால்டன் மலைச் சரிவில், ரீஜன்ட் சாலை ஓரமாக நிற்கும் பழைய ராயல் ஹை ஸ்கூல் கட்டடத்துக்காக. நான் அங்கே படித்தவனில்லை. இருந்த வருஷங்களில் ஒருநாள்கூட அதன் வாசலைத் திறந்து பார்த்ததுமில்லை. ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், உள்ளே மணி அடிக்காதா என்று காது தேடும்.

ஹோலிரூட் மடாலயத்தின் நிழலில் பிறந்த பள்ளி அது. தொடக்க ஆண்டு 1128 என்பார்கள். அதன் கதைகளில் 1595-இல் நடந்ததை மறக்கவே முடியாது. பிள்ளைகள் விடுமுறை கேட்டார்கள், கிடைக்கவில்லை. பள்ளிக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். கதவை இடிக்க ஆட்களோடு வந்தார் ஜான் மக்மோரன் என்ற நகர அதிகாரி. வில்லியம் சின்க்ளேர் என்ற மாணவன் உள்ளிருந்து சுட்டதில் அங்கேயே செத்து விழுந்தார். பையன் பெரிய இடம், தண்டனையில்லாமல் தப்பினான். பெரிய இடத்துக்கு எந்த ஊரிலும் ஒரே சட்டம்தான் போலிருக்கிறது.

வால்டர் ஸ்காட் படித்த காலத்தில் பள்ளி வேறு இடத்தில் இருந்தது. அப்போதைய தலைமையாசிரியர் அலெக்சாண்டர் ஆடம், 1809-இல் மரணப் படுக்கையிலும் வகுப்பில் இருப்பதாகவே நினைத்தாராம். கண் மங்கியதும், பொழுது சாய்ந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கண் மூடினார் என்கிறார்கள். வாத்தியார் என்றால் எனக்கு இனி அவர்தான்.

நான் ஏங்கும் கட்டடம் 1829-இல் திறந்தது. தாமஸ் ஹாமில்டன் ஏதென்ஸ் நகரத்துக் கோயிலை மனத்தில் வைத்து, தடித்த தூண்களோடு எழுப்பியது. தொலைபேசிக்குப் பேர்போன கிரகாம் பெல் இங்கே கொஞ்ச காலம் படித்தார். 1968-இல் பள்ளி நகரின் மேற்கே பார்ன்டனுக்குக் குடிபெயர்ந்தது. பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது அதற்கும் பிறகு, 1973-இல். பள்ளிக்கு ஒரு குறையுமில்லை. அநாதையானது கட்டடம்தான்.

பிள்ளைகள் போன மண்டபத்தை ஸ்காட்லாந்தின் சட்டமன்றத்துக்கென்று தயார் செய்தார்கள். 1979 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காடு வேண்டும் என்பது விதி. அந்த அளவு எட்டாததால் சட்டமன்றம் வரவில்லை. 1999-இல் நாடாளுமன்றம் வந்தபோதும் இந்தக் கட்டடத்தைத் தேடி வரவில்லை. 2004-இல் ஹோலிரூட்டில் தனக்கென்று புது வீடு கட்டிக்கொண்டது. பிறகு சொகுசு ஓட்டலாக்கப் பார்த்தார்கள். பெரிய எதிர்ப்பு, நல்லவேளை, நடக்கவில்லை.

இப்போது தேசிய இசை மையம் அங்கே வருவதாக ஏற்பாடு. பிள்ளைகளும் வந்து வாசிக்கப் போகிறார்களாம். பள்ளிக்கூடமாகவே திரும்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனாலும் ஓட்டலைவிட இது நூறு பங்கு மேல்.