ஓதம் ஏறிய சுவரும் வாட்டம் பார்க்கும் கைகளும்

மாடிவீட்டுக் குளியலறை ஒழுகும் செய்தி, பெரும்பாலும் கீழ்வீட்டுக்காரர் வாய்வழியாகத்தான் மேலே போய்ச் சேருகிறது. சென்னை மேற்கு மாம்பலத்தில் நான் பார்க்கப் போன பழைய அடுக்ககத்திலும் அப்படித்தான் நடந்திருந்தது. முதல் மாடிக் கூரையில் முதலில் மஞ்சள் கறை. பிறகு பூச்சு பொரிந்து உதிர்ந்தது. கடைசியில் காங்கிரீட்டே ஒரு துண்டு பெயர்ந்து விழ, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. இரும்பு துருவாகும்போது பருத்துவிடும். அந்தப் பருமன் உள்ளிருந்து காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேல்வீட்டிலோ சுவர் மூலைகளில் கறுப்புப் பூஞ்சை. அதன்மேல் பெயின்ட் அடித்து மறைத்துப் பார்த்திருந்தார்கள். பெயின்டையும் மீறி அது வெளியே வந்திருந்தது.

வேலைக்கு வந்த மேஸ்திரி விழுப்புரம் பக்கத்துக்காரர். கறுப்பை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரக் கைப்பிடியால் தரை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் கெட்டியான சத்தம். தண்ணீர் போகும் மூலையைச் சுற்றி மட்டும் பொள்ளலான சத்தம். "இங்க பிடிப்பு விட்டுப்போச்சு சார். தண்ணி அடியில ஓடுது" என்றார். சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பூத்திருந்ததை ஈரவிரலால் தொட்டார். கரைந்துவிட்டது. அது பூஞ்சையல்ல, உப்பு. செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் ஆவியாகி, உப்பை மட்டும் சுவரில் விட்டுவிடுகிறது. அந்த வெள்ளை எதுவரை ஏறியிருக்கிறதோ, ஏறக்குறைய அதுவரை ஓதம் ஏறியிருக்கிறது என்று கணக்கு.

பழைய குளியலறைகளின் அடியில் ஒரு குழி உண்டு. கழிவுக் குழாய்களைப் பதிப்பதற்காகத் தளத்தை ஓர் அடி அளவுக்குத் தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தைச் செங்கல் துண்டுகளால் நிரப்பி, மேலே டைல்ஸ் போட்டிருப்பார்கள். ஒருமுறை உள்ளே இறங்கிய தண்ணீருக்கு அங்கிருந்து வெளியேற வழி கிடையாது. டைல்ஸை உடைத்துக் கல்லை வாரியபோது சேற்று வாடை அடித்தது. செங்கல் துண்டுகள் ஊறிக் கறுத்திருந்தன. சுவருக்குள் போன பழைய ஜிஐ குழாய் ஒரு முழங்கைத் திருப்பத்தில் துருவேறி அரித்திருந்தது. போதாததற்கு, தரையின் வாட்டம் தண்ணீர் போகும் துளையை நோக்கி இல்லாமல் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. "வாட்டம் குடுக்கலைன்னா தண்ணி தானா ஒரு வழி பாத்துக்கும்" என்றார் மேஸ்திரி. அடிக்குக் கால் அங்குலம் என்பது அவர் கணக்கு.

பூஞ்சை வளர ஈரமும் கொஞ்சம் அழுக்கும் போதும். சோப்பு நுரையின் படிவும் பெயின்டும்கூட அதற்கு உணவாகும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுதலாக வருவதை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டு நூல் எடுத்துச் சொல்கிறது. பிளீச்சிங் அடித்துப் பூஞ்சையைக் கொன்றாலும், செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும். அதனால் அதைச் சுரண்டியோ தேய்த்தோ அகற்றத்தான் வேண்டும். ஓதம் ஊறிய பூச்சாக இருந்தால் செங்கல் தெரியும்வரை கொத்திவிட வேண்டும்.

அந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உடைத்த கல்லைப் பாண்டுச் சட்டியில் அள்ளி இரண்டு மாடி இறக்கியவர் ஒரு சித்தாள் அம்மா. முந்தானையை மூக்கில் சுற்றியிருந்தார். காய்ந்த பூச்சைக் கொத்தும்போது பறப்பது பூஞ்சை வித்து மட்டுமல்ல. மணலின் நுண்ணிய சிலிக்காவும் கூடவே நெஞ்சுக்குள் போகிறது. பல ஆண்டுகள் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரலாம். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. சுவரை நனைத்துவிட்டுக் கொத்தினால் தூசி அடங்கும். என்95 முகக்கவசம் போட்டால் பெருமளவு தப்பலாம். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு டைல்ஸ் பெட்டியின் விலைகூட இருக்காது. வீட்டுக்காரர்கள் இதை எஸ்டிமேட்டிலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தைச் சித்தாள் அம்மாவே சொன்னார். வேறொரு வீட்டில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்த தரையில், கறை போகட்டும் என்று ஆசிடையும் ஊற்றியிருக்கிறார்கள். "கண்ணு எரிஞ்சு, மூச்சு அடைச்சு, வெளிய ஓடியாந்துட்டோம்." இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரின்போது, 1915-இல், ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்றது இதே வாயு. காற்றோட்டமில்லாத சின்ன அறையில் கொஞ்சம் கிளம்பினாலே நுரையீரல் புண்ணாகும்.

இடித்து முடித்ததும் வேலை நின்றது. இங்கேதான் வீட்டுக்காரர்களுக்குப் பொறுமை போகிறது. மேஸ்திரியின் திறமை தெரிவதும் இங்கேதான். ஈரச் சுவரின்மேல் எவ்வளவு உயர்ந்த பூச்சைப் பூசினாலும், உள்ளே சிக்கிய நீர் அதைத் தள்ளிவிடும். ஃபேன் வைத்துக் காயவிட்டார்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரவு விட்டார்கள். காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். முதல் இரவு வியர்த்தது.

காய்ந்த பிறகு நடந்த வேலை வேகமானது. ஜிஐ போய் சிபிவிசி குழாய் வந்தது. தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைத்துப் பூசினார்கள். அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு இரண்டு முறை, ஒன்று நெடுக்கில், மற்றது குறுக்கில். குளிக்கும் இடத்தில் தலைக்குமேல் வரை. குழிக்குள் எப்போதாவது நீர் இறங்கினால் வெளியேற, அதன் அடியிலிருந்து சிறு குழாய் ஒன்றை வெளிச்சுவர்வரை விட்டார்கள். பழைய அமைப்பில் இல்லாதது இதுதான்.

பிறகு துளையை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் குறித்து, இரண்டு நாள் விட்டார்கள். மேஸ்திரி மேலே நின்று பார்க்கவில்லை. காலையும் மாலையும் கீழ்வீட்டுக்குப் போய்க் கூரையைத் தடவிப் பார்த்துவந்தார். பழைய ஈரம் கூடவில்லை. அதன் பிறகே டைல்ஸ் பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார்.

கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருந்த வென்டிலேட்டரைத் திறந்து வலை அடிக்கவும், எக்ஸாஸ்ட் ஃபேன் காற்று வெளியே போகும்படி மாட்டவும் மேல்வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். கீழ்வீட்டுக்காரர் தன் கூரைக்கு உடனே பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டார். "துருவச் சுரண்டி, கம்பிக்கு மருந்து அடிச்சு, பூசித் தர்றேன் சார். பெயின்ட் மட்டும் இப்ப வேணாம். அங்கயும் தாள் ஒட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் மேஸ்திரி.